யோனா நகர ஒரு சொல்

குதிரை வைத்துப் பிழைக்கிற வீட்டில் மனுஷர் எல்லாரும் வேலைக்காரர்கள். முதலாளி லாயத்தில் நின்று தவிடு தின்றுகொண்டிருப்பார். உங்களில் குதிரை வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். மாடு வைத்திருப்பவர்களுக்குப் பாதி தெரியும். ஒன்றும் வைத்திராதவர்கள் பாக்கியவான்கள், அவர்கள் சும்மா இருந்து படிக்கட்டும்.

விலா நோகச் சிரிக்க என்னிடம் ஒரு சங்கதி இருக்கிறது. என் அப்பா மூன்று மாதம் ஏமாந்த சங்கதி. அதை எடுத்த எடுப்பில் சொல்ல மாட்டேன். காணத்தை, கொள்ளைத்தான் சொல்கிறேன், ஊறவைத்து வேகவைக்காமல் குதிரைக்குப் போட்டால் வயிறு உப்பிக் கிடந்து உருளும். இதுவும் கொஞ்சம் ஊறட்டும். பொறுமையில்லாதவர்கள் எங்கள் லாயத்துக்கு வாருங்கள், ஊறுகிறவரை குதிரை லத்தி அள்ளலாம்.

முதல் பந்தி

எங்கள் இடம் தோவாளையைத் தாண்டி ஆரல்வாய்மொழி போகிற ரஸ்தாவை ஒட்டி இருக்கிறது. கொஞ்சம் தென்னை, ஒரு கிணறு, ஓலை வேய்ந்த லாயம், ஒரு வண்டி. லாயத்தில் செம்பி என்கிற பெட்டைக்குதிரை, அதன் குட்டி பொடியன். அப்பா வண்டியில் ஆள் ஏற்றி நாகர்கோவிலுக்குப் போய் வருவார். என் பெயர் எஸ்தர், வயது பதினாறு, பள்ளிக்கூடத்தை நிறுத்தி இரண்டு வருஷமாகிறது. வேதத்தில் ஒருத்தனுக்கு ஐந்து தாலந்து, ஒருத்தனுக்கு இரண்டு, ஒருத்தனுக்கு ஒன்று என்று வருகிறதே, எனக்குக் கிடைத்ததும் ஒன்றுதான். எந்தக் குரலையும் ஒருதரம் கேட்டால் போதும், அது என் தொண்டையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை மண்ணில் புதைத்து வைக்க எனக்கு மனசில்லை.

எங்கள் வீட்டு அடுப்பில் காலையில் முதலில் ஏறுவது காணப்பானை. அது வெந்து இறங்கின பிறகுதான் எங்கள் கஞ்சி. ஒருநாள் எனக்குப் பசி பொறுக்கவில்லை. லாயத்துக்குள் நின்று அப்பாவைப் போல இரண்டு இருமல் இருமி, "கஞ்சியை முதல்ல எறக்கு, வண்டிக்கு நேரமாச்சு" என்றேன். அம்மா காணப்பானையைத் தள்ளிவைத்துக் கஞ்சியை ஏற்றி, இறக்கி, லாயத்து வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். நான் குடித்து முடித்தபோது நிஜ அப்பா கிணற்றடியிலிருந்து ஈரத் துண்டோடு வந்து கஞ்சி கேட்டார். செம்பி பசியில் கதவை உதைத்துக்கொண்டிருந்தது. அம்மா வெறும் கஞ்சிக் கும்பாவைப் பார்த்தாள், என் வாயைப் பார்த்தாள்.

"ஆளுக்குப் பொங்கிப் போடவே இடுப்பு ஒடியுது. இனி இந்த வீட்டுல குரலுக்கும் தனியாப் பொங்கணும் போல."

உபதேசியார் விற்ற குதிரை

எங்கள் சபை உபதேசியார் ஒரு வெள்ளை மட்டக்குதிரை வைத்திருந்தார். சின்ன வண்டியில் பூட்டி, வீடு வீடாகப் போய் முற்றத்தில் நின்று ஜெபித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். போகச் சொன்ன ஊருக்குப் போகாத தீர்க்கதரிசியின் பெயரைத்தான் குதிரைக்கு வைத்திருந்தார்: யோனா. அவருக்குக் கீரிப்பாறைப் பக்கம் மலைச் சபைக்கு மாற்றல் வந்தது. ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் வண்டி போகாது என்று யோனாவை அப்பாவுக்கு விற்றுவிட்டு நடந்தே போனார்.

மறுநாள் காலை அப்பா யோனாவை வண்டியில் பூட்டினார். யோனா நகரவில்லை. அப்பா நாக்கைச் சொடுக்கினார். சவுக்கைச் சொடுக்கினார். கருப்பட்டித் துண்டு காட்டினார். கருப்பட்டியைத் தின்றுவிட்டு அது மறுபடி நின்றது. எனக்குச் சிரிப்பு. வண்டியின் இடது பக்கம் தொற்றி ஏறி, மலைக்குப் போன உபதேசியாரின் மூக்குக் குரலை வரவழைத்து முணுமுணுத்தேன்: "இந்த வீட்டாரையும், இவர்கள் ஆடுமாடுகளையும், கிணற்றின் ஊற்றையும் ஆசீர்வதியும், ஆஆமென்." யோனா கிளம்பிவிட்டது. அப்பா விழாமல் கம்பைப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு அந்த நிமிஷமே விளங்கியது. உபதேசியார் ஜெபத்தை முடித்து ஆமென் சொன்னால் அடுத்த வீட்டுக்குப் புறப்பாடு. குதிரை பத்து வருஷம் படித்த பாடம் அது ஒன்றுதான். உபதேசியாருக்கே இது தெரியாது, தான் ஏறினதும் குதிரை போகிறது என்று நினைத்திருந்தார். அப்பாவுக்கும் விளங்கவில்லை. காரணம் இரண்டு. சின்ன வயதில் ஒரு குதிரை உதைத்ததில் அவருக்கு இடது காது மந்தம். மேலும் அவர் வாய்விட்டு ஜெபிக்கிறவர் அல்ல. சபையானாலும் சாப்பாடானாலும் மனசுக்குள்ளேயே முடித்துவிடுவார், உதடுகூட அசையாது. என்னை இறங்கச் சொல்லிப் பார்த்தார், யோனா நகரவில்லை. ஏறச் சொன்னார். நான் இடது பக்கம் ஏறி மெதுவாகச் சொன்னேன், நகர்ந்தது. அப்பா பெருமூச்சு விட்டார்.

"காசு குடுத்தவன் நான், இந்தச் சனியனுக்குப் பிடிச்சது உன்னையாக்கும். நாளையிலருந்து நீயும் வண்டியில ஏறு ஏட்டி."

குமாஸ்தாவின் அவசரம்

என்னைப் போல வீட்டோடு நிறுத்தப்பட்ட பெண்பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இரண்டு வருஷமாக நான் பார்த்த உலகம் கிணற்றடிக்கும் அடுப்புக்கும் நடுவில் கிடந்தது. இப்போது தினமும் ரஸ்தா. தோவாளைப் பூக்கூடைகள், கோட்டாற்றுக் கடைகள், கோர்ட்டு வாசல் கூட்டம். வண்டியில் ஏறுகிற ஒவ்வொருவரிடமும் ஒரு புதுக் குரல். வழியெல்லாம் அப்பா சொல்லிக்கொண்டே வருவார்: மேட்டில் கடிவாள வாரைத் தளர்த்து, இறக்கத்தில் இறுக்கு, வாயை இழுக்காதே, அதுக்கும் வலிக்கும். ஆனால் வாரை என் கையில் தந்ததில்லை. கணக்கு எனக்குத் தெளிவாக இருந்தது: யோனா இருந்தால் எனக்கு ரஸ்தா, யோனா போனால் எனக்கு அடுப்படி. ஆமென் என்கிற சொல்லை அப்பா காதில் விழாமல் காப்பாற்றுவதே என் உத்தியோகம் என்று தீர்மானித்துக்கொண்டேன்.

ஒரு வக்கீல் குமாஸ்தா பிள்ளை கோர்ட்டுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவந்து ஏறினார். யோனாவோ உபதேசியார் வழக்கமாக நின்ற வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், வீடு ஒன்று விடாமல் நிற்கிறது. நின்றால் நான் சொல்ல வேண்டும். அப்பாவின் மந்தக் காதுக்குப் பின்னால், குமாஸ்தாவுக்கு முன்னால், உதடு அசையாமல் உபதேசியார் குரலில் சொல்ல வேண்டும். முதல் வீட்டில் பிள்ளை காதைக் குடைந்தார். இரண்டாவது வீட்டில் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார். மூன்றாவது வீட்டில் நெற்றித் திருநீற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நான் பொடியன் வயசுக் குதிரைக்குட்டி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ரஸ்தாவைப் பார்த்தேன். கோர்ட்டு வாசலில் இறங்கினதும் அப்பாவின் இடது தோளைத் தொட்டு அவர் சொன்னது அப்பாவுக்குப் பாதிதான் கேட்டது, எனக்கு முழுக்கக் கேட்டது.

"வே, உம்ம வண்டியில எவனோ ஒளிஞ்சிருந்து என்னை வேதத்துல சேக்கப் பாக்கான்."

லாடக்காரர் மிக்கேல்

நகராத குதிரையைவிட, நிற்க வேண்டிய நேரத்தில் நகர்கிற குதிரை மோசம். யோனா ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது ரகம். நாங்கள் ஆராதனை முடிந்து வந்து பார்த்தால் முளை பிடுங்கி, கயிற்றை இழுத்துக்கொண்டு தென்னைக்கு நடுவே நிற்கும். ஆலயம் எங்கள் லாயத்துக்கு முந்நூறு அடி தூரம், காற்று இந்தப் பக்கம் வீசினால் சபையார் சொல்லுகிற ஆமென் அத்தனையும் லாயத்துக்கு வந்துவிடும். அப்பா அதை ஈக்கடி என்று சொல்லி வேப்பெண்ணெய் தடவினார். நான் தடவப் பிடித்துக் கொடுத்தேன்.

லாடம் அடிக்கிற மிக்கேல் கடற்கரையிலிருந்து வருகிற ரோமன் கத்தோலிக்கர். ஒவ்வொரு ஆணிக்கும் ஒரு செபம் சொல்லி அடிப்பார், அப்போதுதான் ஆணி கோணாதாம். அன்று அப்பா புல் வாங்கப் போயிருந்தார். மிக்கேல் யோனாவின் பின்னங்காலை முழங்காலில் ஏற்றி, முதல் ஆணியை வைத்து, செபம் முடித்து, "ஆமென்" என்று சுத்தியலை ஓங்கினார். யோனா நடந்தது. அவர் காலை விடவில்லை. காலோடு ஒற்றைக்காலில் குதித்துக்கொண்டே கிணறுவரை போனார். திரும்பக் கொண்டுவந்து நிறுத்தி, இரண்டாவது ஆணி, இரண்டாவது ஆமென், இந்தத் தடவை வைக்கோல்போர்வரை. அப்பா வந்து பார்த்தால் என் ரஸ்தா அன்றோடு சரி. சிரிப்பை விழுங்கிக்கொண்டு, "மாமா, மனசுக்குள்ள செபிச்சுப் பாருங்களேன்" என்றேன். அவர் உதட்டை மூடிக்கொண்டு அடித்தார். யோனா மலை மாதிரி நின்றது. நாலு காலும் முடிந்தபிறகு சுத்தியலைப் பையில் போட்டுக்கொண்டே யோனாவை ஒரு பார்வை பார்த்தார்.

"உங்க வேதத்துக் குதிரைக்கு எங்க செபம் ஆவாது போல மக்கா. வாயத் தொறந்தாலே எந்திரிச்சுப் போவுது."

பாடைச்சுழி

இந்தச் சமயத்தில்தான் எங்கள் ரஸ்தாவில் மோட்டார் பஸ் வந்தது. குதிரைக்காரர்களே, உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வந்திருக்கும். பஸ் வந்த மூன்றாம் நாள் அப்பா சொன்னார்: "ரெண்டு குதிரைக்கு இனி ஓட்டம் கெடையாது. செம்பி நான் சொன்னா நடக்கும். யோனாவைக் குடுத்திருவோம்." "அப்போ நான்?" என்றேன். "நீ அம்மாகூட நில்லு" என்றார். யோனாவை விடக்கூடாது என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து சுடலைமுத்து என்கிற தரகர் வந்தார். அங்கே ஒரு கோயில் தர்மகர்த்தா, சாமி புறப்பாட்டுக்கு முன்னால் நடக்க வெள்ளைக் குதிரை தேடுகிறாராம். தரகர்கள் பல்லைப் பார்க்கும் முன்னே மயிர்ச்சுழி நல்லதா கெட்டதா என்று பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவர் வருகிற காலையில் ஆறின கஞ்சித் தண்ணீரை விரலால் தொட்டு, யோனாவின் நெஞ்சு மயிரைப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வட்டமாகச் சுழற்றிவிட்டேன். வெயிலில் காய்ந்து விறைத்து நின்றது. சுடலைமுத்து சிரித்துக்கொண்டே கையைக் கொண்டுபோனவர், தேள் கொட்டினது மாதிரி எடுத்துக்கொண்டார். "அண்ணாச்சி, இது பாடைச்சுழில்லா? இதைக் கொண்டுபோனா சாமிக்கு முன்னால குதிரை போவாது, எனக்கு முன்னால பாடை போவும்" என்று சொல்லிவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அப்பா யோனாவின் நெஞ்சைத் தடவினார். வெள்ளை வெள்ளையாகப் பொருக்கு உதிர்ந்தது. எடுத்து மோந்து பார்த்தார். அடிக்கவில்லை, ஏசவில்லை. மறுநாள் என்னை வண்டியில் ஏற்றவில்லை, அவ்வளவுதான். மூன்று நாள் யோனா லாயத்து வாசலில் பூட்டின வண்டியோடு நின்றது, அப்பாவும் அதன் முன்னால் நின்றார். இரண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம். நான்காம் நாள் அப்பா செம்பியைப் பூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"சுழி கழுவுனாப் போயிரும்னு தரகனுக்குச் சொல்லி அனுப்பியிருக்கேன். அறுப்பின் பண்டிகையன்னிக்கு வாரான். அவன் முன்னால குதிரை நடக்கணும், அதுக்கு அந்த ஒரு நாள் மட்டும் நீ ஏறுனாப் போதும்."

அறுப்பின் பண்டிகை

காணம் ஊறிவிட்டது. இனி அடுப்பில் ஏற்றுகிறேன்.

என் திட்டம் சின்னது. தரகர் முன்னால் வண்டியில் ஏறுவேன், வாயைத் திறக்க மாட்டேன். யோனா நகராது. நகராத குதிரையை எந்தத் தர்மகர்த்தா வாங்குவார்? அறுப்பின் பண்டிகைக் காலையில் எங்கள் வாழைக்குலை, பூசணி, ஒரு சேவல் எல்லாவற்றையும் யோனாவின் வண்டியில் ஏற்றினோம். ஆலயம்வரை மட்டும் ஆமென் சொன்னேன்; ஆண்டவருக்குப் போகிற வாழைக்குலையை வழியில் நிறுத்த எனக்குத் தைரியமில்லை. ஜன்னலுக்கு வெளியே நிழலில் வண்டியை நிறுத்தி, யோனாவை மரத்தில் கட்டி, சேவலை வண்டியிலேயே விட்டு, மற்றதை எடுத்துக்கொண்டு உள்ளே போனோம். ஆராதனை பாதியில் இருக்கும்போது சுடலைமுத்து வந்துவிட்டார். ஆலயத்துக்குள் வர அவருக்குக் கூச்சம். கட்டின கயிற்றை அவிழ்த்துவிட்டு, வண்டியின் முன்னால் ஏறி, வாரைக் கையில் பிடித்துக்கொண்டு, வெற்றிலை போட்டபடி காத்திருந்தார். ஜன்னல் வழியாக அவர் தலைப்பாகை எனக்குத் தெரிந்தது. நான் நிம்மதியாக உதட்டை மடித்துக்கொண்டேன்.

ஊரில் எனக்கு மட்டும்தான் வாய் இருக்கிறது என்று நினைத்துவிட்டேன். அறுப்பின் பண்டிகை ஜெபத்துக்குச் சபையார் எல்லாரும் சேர்ந்து மூன்று ஆமென் சொல்லுவார்கள், நெல் விளைந்த வருஷத்தில் கூரை அதிரச் சொல்லுவார்கள். அந்த வருஷம் நெல் நன்றாக விளைந்திருந்தது. முதல் ஆமெனுக்கு யோனாவின் கழுத்து மணி அசைந்தது. இரண்டாவதுக்குச் சக்கரம் கிரீச்சிட்டது. மூன்றாவதுக்குத் தலைப்பாகை ஜன்னலை விட்டு நகர்ந்து போனது. "ஏ, நில்லு, நில்லுங்கேன்" என்று ஒரு குரல் தூரமாகிக்கொண்டே போயிற்று.

அப்பா ஆண்கள் பக்கத்தில் ஜன்னலை ஒட்டி உட்கார்ந்திருந்தார். ஜன்னல் அவருக்கு வலது பக்கம். அவர் ஜன்னலைப் பார்த்தார். சபையாரைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பிப் பெண்கள் பக்கத்தில் என்னைத் தேடினார். நான் கூரை ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஓரக்கண்ணில் பார்த்தேன். முளை பிடுங்கின ஞாயிற்றுக்கிழமைகள், தோளைத் தொட்ட குமாஸ்தா, இடது பக்கமே ஏறி உட்காருகிற மகள், எல்லாம் ஒன்று ஒன்றாக அவர் முகத்தில் வந்து சேர்ந்தன. எத்தனையோ பேரைப் போலச் செய்து காட்டியிருக்கிறேன், அந்த முகத்தை மட்டும் எனக்கு இன்றுவரை செய்து காட்ட வரவில்லை.

ஆராதனை முடிந்ததும் நானும் அப்பாவும் ஓடினோம். யோனா உபதேசியார் வழக்கமாக நிற்கிற முதல் வீட்டு முற்றத்தில் சமர்த்தாக நின்றது. சுடலைமுத்து மடியில் எங்கள் சேவல். ஆனால் அவர் முகம் மலர்ந்திருந்தது. "அண்ணாச்சி, கம்பு வேண்டாம், சவுக்கு வேண்டாம், தானாப் போவுது, தானா நிக்குது. சாமி குதிரைன்னா இதுல்லா. இப்பவே பிடிச்சிட்டுப் போறேன்" என்றார். மூன்று மாதம் காப்பாற்றினது ஒரு ஜெபத்தில் போயிற்று. அடுப்புப் புகை இப்போதே கண்ணில் கரிக்கிற மாதிரி இருந்தது.

அப்பா யோனாவின் காதுக்குப் பக்கத்தில் போய் நின்றார். நான் பிறந்து பதினாறு வருஷத்தில் முதல்முறையாக என் அப்பா வாய்விட்டு ஜெபிக்கக் கேட்டேன். அதிலும் கடைசிச் சொல் மட்டும்.

"ஆமென்."

யோனா நாலு எட்டு வைத்தது. அப்பா வாரைப் பிடித்து நிறுத்திவிட்டு, "மறைச்சு விக்க எனக்கு மனசு வராது, சுடலைமுத்து. இதுக்குத் தெரிஞ்சது இந்த ஒத்தைச் சொல்லுதான். வேற எதுக்கும் நடக்காது" என்றார். தரகர் யோனாவைப் பார்த்தார், ஆலயத்தைப் பார்த்தார், சேவலை மெதுவாக அப்பா கையில் கொடுத்தார். "தர்மகர்த்தா முன்னால, மேளம் நாயனத்துக்கு நடுவுல, நான் நின்னு இதைச் சொல்லணுமா அண்ணாச்சி? சாமி பொறுத்துக்கிடும். தர்மகர்த்தா என்னைத் தேருக்கு அடியில போட்டிருவாரு" என்று சொல்லிவிட்டு இறங்கி, பஸ் வருகிற திசைக்கு நடந்தார்.

நான் அடிக்குத் தயாராக நின்றேன். அப்பா சேவலை வண்டியில் போட்டார், வாரை எடுத்தார், யோனா நிற்கிற வாசலைப் பார்த்தார். பிறகு வாரை என் கையில் வைத்துவிட்டு, இந்தத் தடவை அவரே இடது பக்கம் போய் ஏறி, நல்ல காதை எனக்குக் காட்டி உட்கார்ந்தார்.

"பஸ்ஸு எவன் வீட்டு வாசல்லயும் நிக்காது, இது நிக்கும். ஓட்டு ஏட்டி, இனி ஆமென் நான் சொல்லுதேன்."

ஒரு சொல்லை மூன்று மாதம் ஒளித்து வைத்தவளுக்கு, அந்த ஒரு சொல்லைத் தவிர யோனாவைக் குளிப்பாட்டுவது, தேய்ப்பது, பூட்டுவது, ஓட்டுவது, லத்தி அள்ளுவது என்று மற்ற அத்தனை வேலையும் கிடைத்தது என்பதுதான் இந்தத் தொழிலில் நான் கண்ட லாபம்.